சர்க்கரை உள்ளவர்கள் எந்த சாக்லேட் வாங்கலாம்? – ஒரு வரலாற்றுப் பாடம்



1996-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், அடுத்த மாசம் துபாயிலிருந்து வரேன். அம்மாவுக்கு சுகர். சாக்லேட்னா அவங்களுக்கு உயிர். எது வாங்கிட்டு வரட்டும்?"

கீழே வரிசையாகப் பதில்கள். "தொடவே கூடாது" என்றது ஒன்று. "சுகர் ஃப்ரீ வாங்கிக் கொடு, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்" என்றது இன்னொன்று. "டார்க் சாக்லேட் சுகருக்கே மருந்து" என்றது மூன்றாவது. "எதுவா இருந்தாலும் அளவா சாப்பிட்டா போதும்" என்றது நான்காவது. நாலு பேரும் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நாலும் நாலு திசையில் இழுக்கின்றன. பாவம், அவன் யார் பேச்சைக் கேட்பான்?

எனக்கும் சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்த நாலு பதிலும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தபோது ஒன்று புரிந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் உலகம் நம்பியது. காலம் மாறினாலும் பழைய ஆலோசனை வீட்டை விட்டுப் போவதில்லை. தாத்தா சொன்னது அப்பாவுக்கு, அப்பா சொன்னது நமக்கு. அதனால் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நோயின் பெயர். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு தமிழ்ச்சொல்லைச் சொல்லாமல் விட்டால் எப்படி? 'நீரிழிவு' என்பதில் உள்ள 'இழிதல்' என்றால் கீழே இறங்குதல், வழிந்தோடுதல். அருவியை 'இழிதரும்' என்பார்கள் அல்லவா, அந்த இழிதல். குடித்த நீரெல்லாம் சிறுநீராக வழிந்து போகும் நோய். கிரேக்கத்தில் 'டயாபடீஸ்' என்ற சொல்லுக்கும் ஊடாகப் பாய்ந்து போவது என்றுதான் பொருள். இரண்டு மொழியும் வெளியே தெரிந்த ஒரே அறிகுறியை வைத்துப் பெயர் சூட்டியிருக்கின்றன. நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கவனித்த நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் 'மதுமேகம்' என்றார்கள். மது என்றால் தேன். 1776-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் மாத்யூ டாப்சன் என்ற மருத்துவர் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சியது சர்க்கரை என்று காட்டினார்.

சர்க்கரை வெளியே போகிறது என்று தெரிந்ததும், சர்க்கரையை உள்ளே விடாதே என்பதுதானே மருத்துவம்? அப்படித்தான் தடைக் காலம் வந்தது. இன்சுலின் கண்டுபிடிக்கும் முன்பு, 1910களில், அமெரிக்காவில் ஃபிரடெரிக் ஆலன் என்ற மருத்துவர் நோயாளிகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டே சில காலம் உயிரோடு வைத்திருந்தார். வேறு வழி இல்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். சாவின் விளிம்பில் இருந்தவன் பிழைத்தான். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இனிப்புக்குத் தடை நீடித்தது. "தொடவே கூடாது" என்ற முதல் பதில் அந்தக் காலத்தின் குரல். அன்றைக்கு அது உயிர் காத்த அறிவுரை என்பதை மறக்கக் கூடாது.

இனி சாக்லேட்டின் கதை. கோகோ மரம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ பக்கத்து மக்கள் அதன் விதையை அரைத்துக் கசப்பான பானமாகக் குடித்தார்கள். ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் அதில் சர்க்கரை தாராளமாகச் சேர்ந்தது. 1828-ல் ஆம்ஸ்டர்டாமின் வான் ஹவுட்டன் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்து பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1847-ல் இங்கிலாந்தின் ஃபிரை நிறுவனம் கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியைச் செய்தது. 1875-ல் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் பாலைச் சேர்த்து மில்க் சாக்லேட் செய்தார். இந்தப் பாதை முழுக்க ஒன்றைக் கவனியுங்கள். படிக்குப் படி கோகோ குறைந்துகொண்டே வந்தது, சர்க்கரை கூடிக்கொண்டே வந்தது. இன்று கடையில் வாங்கும் சாதாரண மில்க் சாக்லேட்டில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

நம் ஊருக்கு கோகோ வந்த கதை பலருக்குத் தெரியாது. 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி நம் குற்றாலத்தில் கோகோ கன்றுகளை நட்டது. அருவிக்குப் போனவர்கள் யாராவது இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆனால் அப்போது அது பெரிய பயிராகப் பிடிக்கவில்லை. நமக்கு இனிப்பு என்றால் கரும்பும் வெல்லமும்தான். நெல்லிக்குப்பத்தில் 1842 முதல் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை. பிறகு அதே பாரி பெயரில் மிட்டாய்களும் வந்தன. உங்களில் பாதிப் பேர் பிறந்தநாளுக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் அந்த மிட்டாய்களை அடுக்கி, என் மேஜைக்கு வந்தவர்கள்தானே! உங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு கமர்கட்டும் தேன்மிட்டாயும். சாக்லேட் என்பது பட்டணத்து மாமா எப்போதாவது வாங்கி வரும் அதிசயம்.

இப்போது 1948-ஐ மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் கேட்பரி நிறுவனம் இந்தியாவில் பதிவாகி, வெளிநாட்டு சாக்லேட்டை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. அதே 1948-ல்தான் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே இது முதல் முயற்சி என்பார்கள். 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையையும் அவர் நிறுவினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நிகழ்ச்சிகள். ஆனால் அடுத்த எழுபது ஆண்டுகளில் இரண்டும் நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஃபிரிட்ஜின் மேல்தட்டில் பேரனின் சாக்லேட், கதவில் தாத்தாவின் இன்சுலின்.

1965 முதல் கேட்பரி கேரளத்தில் கோகோ பயிரிட ஊக்கம் கொடுத்தது. பிறகு பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வந்தது. சாக்லேட் மலிந்தது. பெட்டிக்கடைக்கே வந்தது. நோயும் வளர்ந்தது. சென்னை நகரத்தில் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 1989-ல் 8.3 சதவீதம், 2004-ல் 14.3 சதவீதம் என்று ஆய்வுகள் சொல்லின. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வில் நாடு முழுக்க 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு, 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அந்த ஆய்வை நடத்தியது சென்னையில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம்தான். அதன் தலைவர் டாக்டர் வி. மோகன், டாக்டர் விஸ்வநாதனின் மகன்.

இதற்கெல்லாம் சாக்லேட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தட்டு நிறையச் சோறு, உட்கார்ந்தே வேலை, தூக்கமில்லாத ஷிஃப்ட், குடும்ப வழி என்று காரணங்கள் பல. நம் ஊர்த் தொழிற்பேட்டையில் ராத்திரி ஷிஃப்ட் போய்விட்டுக் காலையில் ஜி.எஸ்.டி. சாலை டீக்கடையில் நிற்கும் என் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்கள்தான் ஞாபகம் வருகின்றன.

தடைக் காலத்துக்கு அடுத்து மாற்றுக் காலம். சர்க்கரை கூடாது, ஆனால் இனிப்பு வேண்டும். என்ன செய்வது? 1879-ல் அமெரிக்காவில் ஃபால்பெர்க் என்பவர் ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது கை இனிப்பதைக் கவனித்தார். அப்படிப் பிறந்தது சாக்கரின். 1920களின் இறுதியில் ஜெர்மனியில் சார்பிட்டால் என்ற பொருளை நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரைக்குப் பதிலாகப் பரிந்துரைத்தார்கள். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸையும் சேர்த்தார்கள். 'நீரிழிவுக்காரர்களுக்கான சாக்லேட்' என்று தனி அலமாரியே ஐரோப்பியக் கடைகளில் வந்தது. "சுகர் ஃப்ரீ வாங்கிக் கொடு" என்ற இரண்டாவது பதில் அந்த அலமாரியிலிருந்து வந்தது.

பிறகுதான் திருப்பம். 1981-ல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு, ஒவ்வொரு உணவும் ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று அளந்து 'கிளைசீமிக் இண்டெக்ஸ்' என்ற பட்டியலைத் தந்தது. 1983-ல் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு. சாப்பாட்டோடு சேர்த்து ஒரே அளவில் கொடுத்தபோது, வெள்ளைச் சர்க்கரை உருளைக்கிழங்கு மாவுச்சத்தையோ கோதுமை மாவுச்சத்தையோ விட ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றவில்லை. நம் பாஷையில் சொன்னால், லட்டைப் பயத்தோடு பார்த்துவிட்டு நாலு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. 1994-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சர்க்கரை மீதான முழுத் தடையை விலக்கியது. ஒரு நாளில் சாப்பிடும் மொத்த மாவுச்சத்தைக் கணக்கில் வை, சர்க்கரையும் அந்தக் கணக்குக்குள் அடங்கட்டும் என்றது. நம் ராயபுரத்திலும் இந்தக் காலத்தில் நம் சாப்பாட்டுக்கு ஏற்ற, நார்ச்சத்து மிகுந்த உணவுமுறையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் அளவான சாப்பாடும் கடைப்பிடித்தவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது.

தனி அலமாரி என்ன ஆயிற்று? ஜெர்மனி 2010-ல் சட்டத்தையே மாற்றி, 2012-க்குப் பிறகு 'நீரிழிவுக்காரர்களுக்கு' என்ற முத்திரையோடு உணவு விற்கக் கூடாது என்றது. சர்க்கரை நோயாளிக்குத் தனி உணவு தேவையில்லை, எல்லோருக்கும் நல்ல உணவு எதுவோ அதுவே அவருக்கும் நல்லது என்பதுதான் காரணம். சார்பிட்டாலைப் பரிந்துரைத்த நாட்டிலேயே அந்த அலமாரி காலியானது. நம் ஊர்க் கடைகளில் இன்னும் அது ஜோராக நடக்கிறது.

மூன்றாவது பதில், டார்க் சாக்லேட் மருந்து என்பது. இது புதுச் சரக்கு. கோகோவில் உள்ள ஃபிளாவனால் என்ற சத்து ரத்தக்குழாய்க்கு நல்லது என்று சில ஆய்வுகள் வந்தன. 2024 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று, வாரம் ஐந்து முறை டார்க் சாக்லேட் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 21 சதவீதம் குறைவாக இருந்தது என்றது. மில்க் சாக்லேட்டுக்கு அந்தப் பலன் இல்லை. அந்தச் செய்தி எல்லாக் குழுக்களிலும் சுற்றியது. ஆனால் அது நோய் இல்லாதவர்களை வெளியிலிருந்து கவனித்த ஆய்வு. டார்க் சாக்லேட் சாப்பிடுகிறவர்கள் மற்ற பழக்கங்களிலும் வேறுபட்டிருக்கலாம். கோகோ சத்தையே மாத்திரையாக ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வில் நீரிழிவு வருவது குறையவில்லை. டார்க் சாக்லேட்டை ரசித்துச் சாப்பிடலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆக, இன்றைய மருத்துவத்தோடு ஒத்துப்போவது நான்காவது பதில்: அளவு. ஆனால் "அளவா" என்று சொல்வது சுலபம், அளப்பது எப்படி? கணக்குப் பாடத்துக்கு வருவோம்.

மில்க் சாக்லேட் 100 கிராமில் சுமார் 55 கிராம் சர்க்கரை. நாலு சின்னக் கட்டம், அதாவது 20 கிராம் சாப்பிட்டால் 11 கிராம். இரண்டு டீஸ்பூனுக்கும் மேல். 70 சதவீத டார்க் சாக்லேட்டில் அதே 20 கிராமுக்கு 6 கிராம் சர்க்கரை. பாதிதான். ஆனால் கொழுப்பு 8 கிராம் இருக்கும், கலோரி 110-க்கு மேல். சர்க்கரை குறைந்ததே தவிர எடை ஏறும் கணக்கு குறையவில்லை. முழுக் கட்டியையும் முடித்தால் எந்த சதவீதமும் காப்பாற்றாது.

சுகர் ஃப்ரீ சாக்லேட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் மால்டிட்டால் இருக்கும். சில சமயம் பெயர் இருக்காது, 965 என்ற எண் மட்டும் இருக்கும். சார்பிட்டால் என்றால் 420. மால்டிட்டால் சர்க்கரையை விட மெதுவாகவும் குறைவாகவும்தான் ரத்தத்தில் ஏற்றும், ஆனாலும் ஏற்றும். கலோரி சர்க்கரையில் பாதி. கோகோ கொழுப்போ அப்படியே இருக்கிறது. இவற்றை நிறையத் தின்றால் வயிறு உப்பும், பேதியாகும். அட்டையிலேயே பொடி எழுத்தில் அந்த எச்சரிக்கை இருக்கும். 'ஃப்ரீ' என்ற சொல்லை நம்பி முழு டப்பாவையும் முடித்தவருக்கு இதுதான் பரிசு. 'நோ ஆடட் சுகர்' என்பது வேறு. தனியாகச் சர்க்கரை சேர்க்கவில்லை என்று மட்டும் பொருள், பாலில் உள்ள சர்க்கரை இருக்கவே இருக்கும்.

வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று. பின்பக்கப் பட்டியலில் முதலில் எழுதியிருப்பதுதான் அதிக எடையில் இருக்கும். முதல் பெயர் சர்க்கரை என்றால் அது சாக்லேட் வாசனை சேர்த்த சர்க்கரை. அடுத்து, கோகோ வெண்ணெய் இருக்கிறதா, அல்லது வேறு தாவரக் கொழுப்பா. மலைப்பக்கம் போய் வாங்கும் 'ஹோம்மேட்' சாக்லேட்டில் பட்டியலே இல்லையென்றால் அளவை இன்னும் குறைத்துக்கொள்வேன். மூன்றாவது, கட்டியின் அளவு. பெரிய கட்டியை விடச் சின்னச் சின்னதாகத் தனித்தனிக் காகிதத்தில் சுற்றியது நல்லது. பிரிக்கும்போதே கை கணக்கு வைத்துக்கொள்ளும்.

எனவே துபாய்ப் பிள்ளைக்கு என் பதில்: 70 சதவீத டார்க், தனித்தனியாகச் சுற்றிய சின்னத் துண்டுகளாக, ஒரே ஒரு பெட்டி. அம்மா சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு சாப்பிடட்டும், அன்றைக்கு ஒரு இட்லியோ ஒரு கரண்டி சோறோ குறைத்துக்கொள்ளட்டும். இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்க்கட்டும். அவர் உடம்பு என்ன சொல்கிறதோ அதுவே தீர்ப்பு. கசப்பு பிடிக்கவில்லை என்றால் மில்க் சாக்லேட்டில் இரண்டு சின்னக் கட்டம் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இன்சுலின் போடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

இன்னொன்று, ஒளித்து வைக்காதீர்கள். பெரியவர்களைப் பார்த்து "உனக்குக் கிடையாது" என்று பேரப்பிள்ளைகள் முன்னால் சொன்னால், அவர்கள் எல்லோரும் தூங்கிய பிறகு போய்த் தேடுவார்கள். கையில் ஒரு துண்டு கொடுத்தால் அதோடு முடிந்தது.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். இதை மட்டுமாவது எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் என் நாத்தனார் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தார். ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமாகிவிட்டது. கூடுவாஞ்சேரி வரும்போது வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று அவருக்கே தெரியும். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சாக்லேட்டை எடுத்து இரண்டு துண்டு போட்டார். அது சுகர் ஃப்ரீ. சர்க்கரைக்காரர் ஆயிற்றே என்று மருமகள் அன்பாக வாங்கிக் கொடுத்தது. ஒன்றும் ஆகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் தன்னிடமிருந்த மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைக் கொடுத்த பிறகுதான் பத்து, பதினைந்து நிமிஷத்தில் தெளிந்தார்.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் சாக்லேட் உதவாது. சுகர் ஃப்ரீ அறவே உதவாது. சாதாரண சாக்லேட்கூட அதிலுள்ள கொழுப்பால் மெதுவாகத்தான் ஏறும். சாப்பாட்டுக்கு எது அதை நல்லதாக்குகிறதோ, ஆபத்தில் அதுவே கெடுதல். உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது அரை டம்ளர் இனிப்பு ஜூஸ். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி அவர்கள் கைப்பையில் போடுங்கள்.

நாற்பதைத் தொட்ட என் பிள்ளைகள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மறைமலை நகர்